அமெரிக்க அதிபர் மாறினா நம்ம பண்டு ஏறுமா, இறங்குமா?

தறிவீடு (அம்மாபேட்டை, சேலம்) கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம்ங்க. அம்மாபேட்டையில சொந்தமா விசைத்தறி ஓட்டுறேன். கரூர் ஏற்றுமதிக்காரங்களுக்கு ஜாப் ஒர்க். பெரும்பாலும் துண்டு, பெட்ஷீட் துணி. பொண்ணு படிப்புக்குன்னு மாசாமாசம் அமெரிக்கா இன்டெக்ஸ் பண்டு (அங்கத்திய பங்குக் குறியீட்டை அப்படியே பின்பற்றற பண்டு) ஒண்ணுல எஸ்ஐபி போட்டுட்டு வர்றேன். இப்ப பேங்க் டெபாசிட் ஒண்ணு முடியுது. அதையும் மொத்தமா அங்கேயே போட்டுடலாமான்னு யோசனை.

மச்சினன் நியூஜெர்சியில இருக்கான். அங்க ரிபப்ளிகன், டெமாக்ரட்னு ரெண்டு பெரிய கட்சி. "ரிபப்ளிகன் ஆளு உட்கார்ந்தா மார்க்கெட் பறக்கும் மாமா, கண்ணை மூடிட்டு போடுங்க"ங்கறான். பண்டு ஏஜென்ட் வாட்ஸ்அப்ல ஒரு பட்டியல் அனுப்பியிருக்காரு. அதுல டெமாக்ரட் காலத்துலதான் லாபம் ஜாஸ்தி, ரிபப்ளிகன் காலத்துல கம்மின்னு கட்டம் கட்டி போட்டிருக்கு. எதைத்தான் நம்பறது? யாரு அதிபர்னு பார்த்து பணம் போடலாமா, எடுக்கலாமா?

இன்னொரு குழப்பமும் இருக்குங்க. 2025 ஆகஸ்ட் 27 அன்னைக்கு அமெரிக்காவுல நம்ம சரக்குக்கு 50 சதவீத வரி அமலுக்கு வந்துச்சு. என் கொட்டாயில பாதி தறி நின்னுபோச்சு. மறுநாளே அமெரிக்க மார்க்கெட் புது உச்சம்னு செய்தி வாசிக்கறான். இது என்ன கணக்குன்னே விளங்கல.


ஜங்ஷன் எக்ஸ்பிரஸ் பதில்:

மச்சினன் சொல்றதுதான் கரெக்ட் ப்ரோ. ரிபப்ளிகன்னா வரி குறைப்பு. 2017 டிசம்பர்ல சட்டம் போட்டு கம்பெனி வரியை 35லிருந்து 21 சதவீதமா இறக்கினாங்க. லாபம் ஏறுச்சு, பங்கு ஏறுச்சு. இதுக்கு மேல என்ன யோசனை?


பழைய டெர்மினல் (ஐந்து ரோடு) பதில்:

தம்பி, ஏஜென்ட் அனுப்பின பட்டியல் பொய் இல்ல. மச்சினன் பேச்சுக்கும் ஆதாரம் காட்டலாம். எந்தத் தேதியில ஆரம்பிச்சு எந்தத் தேதியில முடிக்கறோம்ங்கறதுலதான் வித்தையே இருக்கு. நான் பங்குத் தரகு ஆபீஸ்ல டெர்மினல் முன்னாடி உட்கார்ந்தே தலை நரைச்சவன். கொஞ்சம் நீளமாத்தான் எழுதுவேன், பொறுத்துக்கங்க.

ரிபப்ளிகன் கட்சி மகன் புஷ் கணக்கை எடுத்துக்கங்க. 2001 ஜனவரியில அவர் உள்ள வந்தப்ப எஸ் அண்ட் பி 500 (அமெரிக்காவோட ஐநூறு பெரிய கம்பெனி பங்கு விலையைக் காட்டற குறியீடு) சுமார் 1340. 2009 ஜனவரி 20, டெமாக்ரட் ஒபாமா பதவி ஏத்த அன்னைக்கு 805ல முடிஞ்சுது. எட்டு வருஷம் ஆண்டு நாப்பது சதவீதம் நஷ்டம். ஒபாமா கிளம்பறப்ப 2271, கிட்டத்தட்ட மூணு மடங்கு. பட்டியல்ல பார்த்தா ஒருத்தர் சனி, இன்னொருத்தர் குரு. ஆனா புஷ் வந்த நேரம் என்ன? டாட்காம் (இன்டர்நெட் கம்பெனி பங்கு) பைத்தியம் முத்தி, டெக் கம்பெனிங்க நிறைஞ்ச நாஸ்டாக் குறியீடு 2000 மார்ச்சுல 5048 தொட்டு, உடைய ஆரம்பிச்சு பத்து மாசம். கிளின்டன் காலத்துல ஊதின விலை இவர் மடியில விழுந்துச்சு. ஒபாமா வந்தப்ப லேமன் பிரதர்ஸ்ங்கற பெரிய முதலீட்டு பேங்க் திவாலாகி நாலு மாசம். நல்ல கம்பெனி பங்கெல்லாம் கேட்பாரில்லாம கிடந்துச்சு. ரெண்டு பேரும் ஒரே சட்டத்தைப் போட்டிருந்தாலும் மார்க் இப்படித்தான் வந்திருக்கும்ங்கறது என் அபிப்ராயம்.

தேதி வித்தைன்னு சொன்னேனே, அது இதுதான். ஒபாமா ஜெயிச்ச 2008 நவம்பர் 4ல குறியீடு 1005. நாற்காலியில உட்கார்ந்தப்ப 805. நடுவுல இருந்த ரெண்டரை மாசத்து இருபது சதவீத இறக்கத்தை யார் தலையில எழுதுவீங்க? ஆண்டுட்டிருந்த புஷ் தலையிலயா, "வர்றவனைப் பார்த்து பயந்து வித்தாங்க"ன்னு ஒபாமா தலையிலயா? ரெண்டு கட்சிக்காரனும் தனக்குத் தோதான தேதியைப் பிடிச்சுக்குவான். பதவி ஏத்த பிறகும் மார்ச் 9ல 676 வரைக்கும் போச்சு. அங்கேருந்து எண்ணினா ஒபாமா இன்னும் பெரிய மகராசன்.

ரிபப்ளிகன் ஹூவர் பாவம். 1929 மார்ச்சுல பதவி. டவ் ஜோன்ஸ்ங்கற பழைய பங்குக் குறியீடு செப்டம்பர் 3ல 381 தொட்டுச்சு, அக்டோபர்ல சரிவு, 1932 ஜூலையில 41. நானூறை நெருங்கினது நாப்பத்தொண்ணு, அச்சுப்பிழை இல்ல. அந்தப் பழைய 381ஐ திரும்பப் பார்க்க 1954 நவம்பர் ஆச்சு; அதுக்குள்ள ரூஸ்வெல்ட், ட்ரூமன் ரெண்டு பேரும் ஆண்டு முடிச்சு ஐசனோவர் வந்தாச்சு. ஹூவர் எடுத்த முடிவுகள்ல தப்பு உண்டு, இல்லைங்கல. ஆனா அவர் வந்து உட்கார்றப்பவே கடன் வாங்கி பங்கு வாங்கற கூத்து உச்சத்துல இருந்துச்சு. நேர்மாறா டெமாக்ரட் ரூஸ்வெல்ட் வந்தவுடனே பேங்க்கையெல்லாம் மூடி, சரிபார்த்து, திறந்தாரு. 1933 மார்ச் 15ல சந்தை திறந்த ஒரே நாள்ல டவ் 15 சதவீதம் ஏறுச்சு. ஒரு நாள் ஏற்றத்துல இன்னைக்கு வரைக்கும் அதுதான் சாதனை.

டெமாக்ரட் கார்ட்டர், அடுத்து வந்த ரிபப்ளிகன் ரீகன் கணக்கு இன்னும் சுவாரஸ்யம். விலைவாசி தலைவிரிச்சு ஆடின காலம். 1979ல மத்திய வங்கித் தலைவரா பால் வோல்க்கரைப் போட்டது கார்ட்டர். அந்த மனுஷன் வட்டியை இருபது சதவீதம் வரைக்கும் ஏத்தினாரு. கார்ட்டர் நாலு வருஷம் முடிஞ்சு போறப்ப டவ் வந்த இடத்துலயே, 950 சுத்துல நின்னுச்சு. விலைவாசியைக் கழிச்சா பெரிய நஷ்டம். தேர்தல்லயும் தோத்தாரு. விலைவாசி அடங்கி வட்டி இறங்க ஆரம்பிச்சது ரீகன் காலத்துல. 1982 ஆகஸ்டுல 777லிருந்து கிளம்பின ஏற்றத்துல, அவர் போறப்ப டவ் 2200 தாண்டியாச்சு. ஏற்காடு பஸ்ஸை இருபது ஊசி வளைவும் முக்கி முக்கி ஏத்தினவன் ஒருத்தன், மேல ஏரிக்கரை சமதரையில ஸ்டியரிங் பிடிச்சவன் இன்னொருத்தன். மைலேஜ் பட்டியல்ல ரெண்டாவது ஆளுதான் கெட்டிக்காரன்னு வரும். அந்த ரீகன் காலத்துலதான் 1987 அக்டோபர் 19ல ஒரே நாள்ல டவ் 22.6 சதவீதம் விழுந்துச்சு. அதை யாரும் அவர் பேர்ல எழுதறதில்ல, கவனிச்சீங்களா?

ஜங்ஷன் தம்பி சொன்ன வரி குறைப்பு நிஜம்தான், கம்பெனி லாபம் அதனால ஏறுச்சு. ஆனா அடுத்து வந்த பைடன் டெமாக்ரட். அவர் காலத்துலயும் 3800 சுத்துல இருந்த குறியீடு 6000க்குப் பக்கத்துல வந்துச்சே, அதுக்கு எந்த வரியைக் குறைச்சாங்க?


வகுப்பறை (அஸ்தம்பட்டி) பதில்:

ஏஜென்ட் அனுப்பிய பட்டியலுக்குப் பின்னால் ஓர் ஆய்வு இருக்கிறது. பொருளாதாரம் சொல்லிக்கொடுப்பவள் என்பதால் அதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

சான்டா கிளாரா, வல்கனோவ் என்ற இருவர் 2003இல் வெளியிட்டது. 1927 முதல் 1998 வரை, அரசுக் கடன் பத்திரத்துக்குக் கிடைக்கும் வட்டியைக் கழித்த பிறகு பங்குகள் தந்த கூடுதல் லாபம் டெமாக்ரட் காலத்தில் ஆண்டுக்குச் சராசரி 11 சதவீதம், ரிபப்ளிகன் காலத்தில் 2 சதவீதம். ஒன்பது புள்ளி வித்தியாசம் சின்னது இல்லை. ஆனால் தேர்தலையொட்டிய நாள்களில் சந்தை அப்படி எகிறியதாகவோ விழுந்ததாகவோ தெரியவில்லை என்பதையும் அவர்களே கண்டார்கள். டெமாக்ரட் என்றாலே லாபம் என்பது சந்தைக்குத் தெரிந்திருந்தால் முடிவு வந்த அன்றே விலை ஏறியிருக்க வேண்டுமே?

2020இல் பாஸ்டர், வெரோனேசி இருவரும் ஒரு விளக்கம் சொன்னார்கள். எனக்கு அது நியாயமாகப் படுகிறது. ஊர் பயந்து கிடக்கும்போது மக்கள் அரசாங்கத்தின் ஆதரவைத் தேடி டெமாக்ரட்டுக்கு ஓட்டுப் போடுகிறார்கள். 1932, 2008 இரண்டும் அப்படித்தான். அதே பயத்தால் பங்கு விலையும் அடிமட்டத்தில் இருக்கிறது. அடிமட்டத்தில் வாங்கினால் பின்னால் லாபம் வரத்தான் செய்யும். ஆக, அதிபரால் சந்தை ஏறுகிறது என்பதைவிட, விழுந்த சந்தை அந்தக் கட்சியை அழைத்து வருகிறது என்பதே பொருத்தம். பொருளாதார வளர்ச்சியிலும் இதே போன்ற இடைவெளி உண்டு. பிளைண்டர், வாட்சன் இருவரும் 2016இல் அதை ஆராய்ந்து, கச்சா எண்ணெய் விலை, உற்பத்தித் திறன் போன்றவைதான் பெரும்பகுதியை விளக்குகின்றன, அரசின் வரவு செலவுக் கொள்கை அல்ல என்றார்கள்.

ஹூவர் முதல் பைடன் வரை எண்ணினால் மொத்தமே 16 பேர். பதினாறு பேரை வைத்துச் சராசரி எடுத்து அடுத்தவரைக் கணிப்பதாக என் மாணவர் யாராவது எழுதினால் நான் மதிப்பெண் போட மாட்டேன்.


மிளகுக்கொடி (ஏற்காடு) பதில்:

எனக்கு பங்குச்சந்தை தெரியாதுங்க. காப்பித் தோட்டம். ஆனா நியூயார்க் விலை பார்க்காம நாங்களும் தூங்கறதில்ல. அரபிகா விலை அங்கதான் நிர்ணயம். இங்க 50 கிலோ பார்ச்மென்ட் (தோல் நீக்கிக் காயவச்ச காப்பிக்கொட்டை) மூட்டைக்கு வியாபாரி சொல்ற விலை அதைப் பார்த்துத்தான்.

2025 பிப்ரவரியில அங்க ஒரு பவுண்டு நாலு டாலரைத் தாண்டுச்சு, அதுவரை காணாத விலை. பிரேசில்ல முந்தின வருஷ வறட்சிதான் அதுக்குக் காரணம். ஆகஸ்டுல டிரம்ப் பிரேசில் சரக்குக்கு 50 சதவீதம் வரி போட்டாரு, காப்பியும் அதுல அடக்கம். நவம்பர்ல காப்பிக்கு அதை எடுத்துட்டாரு. நடுவுல விலை ஏறி இறங்கினது வாஸ்தவம். ஆனா என் மகசூலைத் தீர்மானிச்சது மார்ச் ஏப்ரல் பூமழையும் தண்டு துளைப்பானும்தான். பழுத்த பழத்தை வரி எடுக்கட்டும்னு செடியிலயே விட்டு வைக்க முடியுமா? ஆள் கிடைச்ச அன்னைக்குப் பறிச்சாகணும். தறிவீடு அண்ணா நிலைமை எங்களைவிட மோசம். அவருக்கு ஆர்டரே அங்கேருந்துதான்.


தறிவீடு பதில்:

எல்லாருக்கும் நன்றிங்க. டீச்சர் எழுதினதை ரெண்டு தடவை படிச்சேன், பிடிபட்டுச்சு. ஆனா ஏஜென்ட் இப்ப வேற பாட்டு பாடறாரு. கட்சி முக்கியமில்லையாம், அதிபரோட மூணாவது வருஷம்தான் ராசியாம். அடுத்த தேர்தலுக்கு முன்னாடி காசை அள்ளி விடுவாங்களாம். அது நிஜமாங்க? அந்த வரி, உச்சம் கதைக்கும் யாராச்சும் பதில் சொல்லுங்க.


பழைய டெர்மினல் பதில்:

மூணாவது வருஷம் சராசரியில நல்ல வருஷம்தான். 2019, 2023 ரெண்டும் பிரமாதம். ஆனா 2022ல 19 சதவீதம் விழுந்ததுனாலதான் 2023ல 24 சதவீதம் ஏற இடம் இருந்துச்சு. 2022ல விழுந்தது ஏன்? மத்திய வங்கி ஒரே வருஷத்துல வட்டியை பூஜ்யத்துலேருந்து நாலு சதவீதத்துக்கு மேல கொண்டு போச்சு. ராசின்னா ஹூவருக்கும் மூணாவது வருஷம் வந்துச்சு தம்பி, 1931. டவ் மதிப்புல பாதிக்கு மேல கரைஞ்சு போச்சு. ஏஜென்ட்கிட்ட அதைக் கேட்டுப் பாருங்க.

உங்க தறி விஷயம். எஸ் அண்ட் பி 500ங்கறது அமெரிக்கா இல்ல. அங்க பட்டியல் போட்ட ஐநூறு பெரிய கம்பெனி. அதுலயும் என்விடியா, மைக்ரோசாப்ட், ஆப்பிள்னு முதல் பத்து கம்பெனி மட்டுமே மூணுல ஒரு பங்குக்கு மேல. உங்க துண்டுக்கு வரி போட்டா என்விடியா சிப்புக்கு என்ன வந்துச்சு? ஆகஸ்ட் 28ல குறியீடு முதல் தடவையா 6500க்கு மேல முடிஞ்சப்ப அம்மாபேட்டை கொட்டாய் அவங்க கணக்குலயே இல்ல. அதிபரோட கையெழுத்து உங்க தறியை நிறுத்தும், அந்தக் குறியீட்டை நிறுத்தணும்னு அவசியமில்ல.

அதுக்காக குறியீட்டை அசைக்கவே முடியாதுன்னு சொல்லல. அதே 2025ல ஏப்ரல் 2 அன்னைக்கு கிட்டத்தட்ட எல்லா நாட்டுக்கும் வரின்னு டிரம்ப் அறிவிச்சாரு. அடுத்த ரெண்டு நாள்ல குறியீடு பத்து சதவீதத்துக்கு மேல விழுந்துச்சு. 9ஆம் தேதி "தள்ளி வைக்கிறேன்"னு ஒரு பதிவு போட்டாரு, அன்னைக்கே 9.5 சதவீதம் ஏறுச்சு. அந்தப் பதிவு வந்தப்ப நம்ம ஊர்ல ராத்திரி பதினோரு மணி பக்கம். நீங்க தறியை நிறுத்திட்டு படுத்திருப்பீங்க. இதைப் பார்த்து வாங்கி விக்கணும்னா தினம் சாயந்திரம் ஏழு மணிக்கு உட்கார்ந்து விடிய ஒண்ணரை வரைக்கும் முழிச்சிருக்கணும். உடம்பு தாங்காது.

நம்ம ஊர்லயும் இதே கூத்து உண்டு. 2004 மே 17 திங்கக்கிழமை. வாஜ்பாய் தோத்து, இடதுசாரி ஆதரவுல காங்கிரஸ் வருதுன்னு உறுதியாச்சு. ஐந்து ரோடு பக்கம் மாடியில எங்க ஆபீஸ், மொட்டைமாடியில சந்தையோட இணைக்கற விசாட் டிஷ். சந்தை திறந்ததுமே திரை பூரா சிவப்பு. விலை இறங்கி இறங்கி ஒரு கட்டத்துல அப்படியே நின்னுச்சு. வர்த்தகத்தையே நிறுத்திட்டாங்கன்னு புரியாம பசங்க கீபோர்டைத் தட்டிட்டு இருந்தானுங்க. திறந்து, திரும்ப ஒரு தடவை நிறுத்தினாங்க. செவ்வாய்ப்பேட்டை வெள்ளி வியாபாரி ஒருத்தர், கொலுசுப் பட்டறை வச்சிருந்தவர், டீ டம்ளரைக் கீழ வைக்காமயே "எல்லாத்தையும் வித்துடு, கம்யூனிஸ்ட் வந்துட்டான், இனி சந்தையே இருக்காது"ன்னாரு. ஸ்டேட் பேங்க், ரிலையன்ஸ் எல்லாம் வந்த விலைக்குப் போச்சு. அன்னைக்கு சென்செக்ஸ் 11 சதவீதம் இறங்கி 4505ல முடிஞ்சுது. மன்மோகன் சிங் பிரதமரா வந்த அதே காங்கிரஸ் ஆட்சியில 2008 ஜனவரியில 21,000 தாண்டுச்சு. 2009 மே 18ல அதே மன்மோகன் சிங் திரும்ப ஜெயிச்சு வந்தப்ப 17 சதவீதம் மேல போய் கதவைச் சாத்திட்டாங்க, ஒரு நிமிஷம்கூட வியாபாரம் நடக்கல. கட்சி அதே காங்கிரஸ்தான். முதல் தடவை எமன், ரெண்டாம் தடவை தெய்வம்.

2016 நவம்பர் 9 ஞாபகம் இருக்கும். முந்தின ராத்திரி எட்டு மணிக்கு 500, 1000 நோட்டு செல்லாது. காலையில டிரம்ப் ஜெயிக்கறாருன்னு தெரிஞ்சுது. சென்செக்ஸ் திறந்ததும் 1,700 புள்ளி பக்கம் சரிஞ்சுது. சாயந்திரம் முடியறப்ப நஷ்டம் 339 புள்ளிதான். டிரம்ப் வந்தா சந்தை நாசம்னு சொன்ன வல்லுநருங்க, அன்னைக்கு ராத்திரி அமெரிக்க சந்தை ஏறினதும் பேச்சை மாத்திட்டாங்க.

மச்சினனுக்கும் உங்களுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு, அதை பட்டியல்ல போட மாட்டாங்க. அவன் சம்பாதிக்கறதும் செலவழிக்கறதும் டாலர். உங்களுக்கு ரூபாய். 2009 ஜனவரியில டாலர் 49 ரூபாய் சுத்துல இருந்துச்சு, 2025 ஜனவரியில 86. குறியீடு அசையாம நின்னிருந்தாலே வருஷத்துக்கு மூணரை சதவீதம் உங்க பண்டுல ஏறியிருக்கும். அந்தப் பதினாறு வருஷத்துல ஒபாமா, டிரம்ப், பைடன்னு மூணு பேர் வந்து போயாச்சு.

இப்ப நான் கேக்கறேன். பொண்ணு என்ன படிக்குது? டெபாசிட் தவிர கையில வேற என்ன இருக்கு?


தறிவீடு பதில்:

பத்தாவதுங்கண்ணா. காலேஜுக்கு இன்னும் ரெண்டு வருஷம் சொச்சம். எஸ்ஐபியும் இந்த டெபாசிட்டும்தான் கையில இருக்கு. தறிக்கு வாங்கின கடன் கொஞ்சம் பாக்கி.


பழைய டெர்மினல் பதில்:

அப்ப டெபாசிட்டை அங்கே கொண்டு போகாதீங்க. எஸ் அண்ட் பி 2000 மார்ச்சுல 1527 தொட்டுச்சு. 2013 ஆரம்பத்துலயும் அதே சுத்துலதான் இருந்துச்சு. நடுவுல கிளின்டன், புஷ், ஒபாமா, ரெண்டு கட்சியும் ஆண்டாச்சு. ரெண்டு வருஷத்துல ஃபீஸ் கட்ட வேண்டிய பணத்துக்கு அந்த மாதிரி காத்திருக்க நேரம் கிடையாது. தறி பாதி நிக்கறப்ப கடன் தவணைக்கும் அந்த டெபாசிட்தான் கை கொடுக்கும். கடன் வட்டி டெபாசிட் வட்டியைவிட ஜாஸ்தியா இருந்தா அதுல ஒரு பங்கை அடைச்சுடுங்க.

எஸ்ஐபி ஓடட்டும், ஆனா அதுலயும் ஃபீஸுக்கு வேணுங்கற பங்கை பன்னிரண்டாவது வர்றதுக்குள்ள கொஞ்சம் கொஞ்சமா டெபாசிட்டுக்கு மாத்திடுங்க. ரெண்டு வருஷம் தாண்டின யூனிட்டா பார்த்து வித்தா லாபத்துக்கு 12.5 சதவீதம் வரி, அதுக்குள்ள வித்தா உங்க வருமான வரி விகிதம்.

மச்சினன் "நேரடியா அமெரிக்க பங்கு வாங்குங்க, நான் கணக்கு ஆரம்பிச்சுத் தர்றேன்"னு அடுத்து கேப்பான். அங்கே உங்க பேர்ல 60,000 டாலருக்கு மேல பங்கு இருந்து உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா, நீங்க விட்டுப்போற அந்தச் சொத்து மேல அமெரிக்க அரசாங்கம் வரி பிடிக்கும். நம்ம ஊர் பண்டு வழியா போட்டா அந்தத் தொல்லை இல்ல. அவன் பேர்லயும் போட வேண்டாம், சொந்தத்துக்குள்ள பணம் கலந்தா உங்க வீட்டம்மாதான் நடுவுல மாட்டிக்குவாங்க.


தறிவீடு பதில்:

சரிங்கண்ணா. திங்கக்கிழமை பேங்க் போய் கடன் வட்டியும் டெபாசிட் வட்டியும் எவ்வளவுன்னு கேட்டுட்டு வர்றேன். ஏஜென்ட் இன்னும் பட்டியல் அனுப்பிட்டேதான் இருக்காரு.